சர்க்கரை இல்லாத இனிப்பு

அயர்லாந்து விஸ்கியில் சர்க்கரை சேர்க்கக் கூடாது. அது சட்டம். ஒரு சிட்டிகை போட்டாலும் அதை விஸ்கி என்று விற்க முடியாது.

ஆனால், 3 வயது, 4 வயது விஸ்கியை ருசி பார்த்தவர்கள், "இனிக்கிறது!" என்கிறார்கள்.

அந்த இனிப்பு எங்கிருந்து வருகிறது?

(யாரையும் குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. காசு கொடுத்து வாங்குகிறவருக்கு உண்மை தெரிய வேண்டும். அதற்காகவே எழுதுகிறோம்.)

பார்லி முதலிய தானியங்களைப் புளிக்க வைத்து, காய்ச்சி வடிக்கிறார்கள். மூன்று முறை வடிப்பது அயர்லாந்தில் பெருவழக்கு. வடிந்து விழும்போது அது தண்ணீர் மாதிரி இருக்கும். நிறம் கிடையாது. சர்க்கரையும் கிடையாது.

பிறகு அதை மரப் பீப்பாயில் ஊற்றி அடைத்து விடுகிறார்கள். குறைந்தது 3 ஆண்டு அதில் கிடக்க வேண்டும். அந்தப் பீப்பாய்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் இருந்து வருகின்றன. அங்கே போர்பன் விஸ்கிக்குப் புதுப் பாத்திரம்தான் வேண்டும் என்று சட்டம். ஒரு முறை பயன்படுத்திய பீப்பாய் மறுமுறை போர்பனுக்கு உதவாது. அதை அயர்லாந்துக்காரர் வாங்கிக் கொள்கிறார்.

பீப்பாயின் உட்புறத்தை நெருப்பில் கருக்கி இருப்பார்கள். சூடு பட்ட ஓக் மரத்தில் வனிலா வாசனை பிறக்கிறது. ஐஸ்கிரீமில் மணக்கிறதே, அதே வாசனைதான். மூக்கு அதை முகர்ந்ததும், நாக்கு "இனிப்பு" என்று நினைத்துக் கொள்கிறது. இளம் விஸ்கியின் இனிப்பில் பெரும் பகுதி இதுதான்.

இதை எப்படி எடை போடுவது?

வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பையில் கொஞ்சம் ஊற்றுகிறார்கள். முதலில் மூக்கால் பார்க்கிறார்கள். பிறகு ஒரு மடக்கு. அடுத்து, சில சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடியும் ஒரு மடக்கு. எரிச்சல் தணிந்ததும், ஒளிந்திருந்த வாசனைகள் வெளியே வரும். இளம் சரக்கானால் பேரிக்காய் மணக்கலாம். பச்சை மாவு வாடையும் அடிக்கலாம்.

நிறத்தை நம்பக் கூடாது. சர்க்கரைக்குத் தடை. ஆனால் நிறம் ஏற்ற, கருக்கிய சர்க்கரைச் சாயத்தைச் சேர்க்கலாம்! அதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. கறுத்திருப்பதெல்லாம் கிழடு அல்ல.

இனிப்பு அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். அப்புறம் வாயில் என்ன மிஞ்சுகிறது? தானியத்தின் ருசி மிஞ்சினால், அது நல்ல சரக்கு. வயது 3 ஆனாலும் தாராளமாக மார்க் போடலாம். மரக் கசப்பும் எரிச்சலும் மட்டுமே மிஞ்சினால், பீப்பாய் பூசிய அரிதாரத்துக்குத்தான் காசு கொடுத்திருக்கிறோம்.

இளம் விஸ்கி இத்தனை எப்படி வந்தது? 1980-களின் நடுவில் அந்தத் தீவு முழுவதிலும் மிடில்டன், புஷ்மில்ஸ் என்று 2 ஆலைகளே ஓடின. 1987-ல் கூலி ஆலை வந்தது. 2022-ல் எண்ணிக்கை 40-ஐத் தாண்டி விட்டது. புது ஆலைக்காரர் கட்டடத்துக்கும் கொப்பரைக்கும் பணத்தைக் கொட்டி விட்டு 3 ஆண்டு சும்மா இருக்க வேண்டும். நாள் முடிந்ததும் விற்கத்தானே பார்ப்பார்? அதில் தப்பு இல்லை.

வயதை மறைப்பதுதான் தப்பு.

புட்டியில் வயது போட்டால், உள்ளே கலந்திருப்பவற்றில் மிக இளையதின் வயதைத்தான் போட வேண்டும். நல்ல விதி. ஆனால், வயதைப் போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை! பழைய காலத்துப் படமும் பொன் எழுத்தும் போட்டு, வயதை மட்டும் விட்டு விடலாம். வாங்குகிறவர் 10 வயது என்று எண்ணிக் கொண்டு 3 வயதுக்கு விலை கொடுப்பார். "என் சரக்கு 3 வயது" என்று நாணயமாக அச்சடித்த சின்ன ஆலைக்காரர், பக்கத்தில் நஷ்டப்பட்டு நிற்பார்.

வயதைப் போடுவதைக் கட்டாயம் ஆக்க வேண்டும். என்ன பீப்பாய், எந்த ஆண்டு ஊற்றியது என்பதையும் சேர்த்துப் போடட்டும். லேபிளில் அதற்கு ஒரு வரி இடம் போதும்.