ஆய்வின் முடிவு வள்ளியூருக்கும் வந்துசேர வேண்டும்

நெல் தூற்றும்போது பறக்கும் உமி, வாழைத்தோட்டத்தில் முகத்தில் அடிக்கும் காய்ந்த சருகு, பனங்கருக்கின் கீறல், வேலி வெட்டும்போது தெறிக்கும் உடைமுள். திருநெல்வேலி மாவட்டத்தின் வள்ளியூர், ஏர்வாடி, களக்காடு, பணகுடி பக்கம் காட்டு வேலைக்குப் போகிறவரின் கருவிழி புண்ணாக இவற்றில் ஒன்று போதும். முதல் நாள் வெறும் உறுத்தல்தான். தாய்ப்பால் விட்டுப் பார்ப்பார்கள். மருந்துக்கடையில் கேட்டு ஏதோ ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போடுவார்கள். நாலைந்து நாள் கழித்து, கண் சிவந்து, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரியும்போதுதான் திருநெல்வேலிக்குப் பேருந்து ஏறுவார்கள்.

அந்தப் புள்ளி கருவிழிப் புண். பாக்டீரியாவோ பூஞ்சையோ உள்ளே போய்விட்டது என்று பொருள். மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்கு இந்தப் புண் வருவதாக 1990களில் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்காவின் அளவைவிட இது ஏறத்தாழ பத்து மடங்கு. வயலில் உழைப்பவர்களின் நோய் இது. பார்வை போனால் கூலியும் போய்விடும்.

இதற்கு எந்த மருந்து நல்லது என்ற கேள்விக்கு உலகம் இன்று நம்பும் விடைகளில் முக்கியமான சில, தமிழ்நாட்டு நோயாளிகளின் கண்களிலிருந்து கிடைத்தவை. பாக்டீரியாப் புண்ணுக்கு நுண்ணுயிர்க்கொல்லியோடு ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் சேர்க்கலாமா என்று மருத்துவர்கள் பல காலம் இரு கட்சியாகப் பிரிந்திருந்தார்கள். 2006 முதல் 2010 வரை 500 நோயாளிகளைச் சேர்த்து நடந்த ஓர் ஆய்வு அதை நேரடியாகச் சோதித்தது. அமெரிக்காவிலும் மையங்கள் இருந்தாலும், சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அரவிந்த் கண் மருத்துவமனையின் மதுரை, கோவை, திருநெல்வேலிக் கிளைகளுக்கு வந்தவர்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது மொத்தத்தில் பார்வையில் வித்தியாசம் இல்லை என்று 2012இல் முடிவு வெளியானது. பூஞ்சைப் புண்ணுக்காக அரவிந்த் கிளைகளில் 323 பேரை வைத்து நடந்த இன்னோர் ஆய்வில், புதிய வோரிகோனசோலைப் பழைய நாட்டமைசின் வென்றது. அந்த முடிவு 2013இல் வெளியானது. இரண்டுக்கும் பணம் கொடுத்தது அமெரிக்காவின் தேசிய கண் நிறுவனம். கேள்வியும் கண்ணும் நம்முடையவை.

இத்தகைய முடிவுகள் மருத்துவ இதழ்களில் ஆங்கிலத்தில் வருகின்றன, மாநாடுகளில் பேசப்படுகின்றன. அதோடு வேலை முடிந்ததாகக் கருதும் பழக்கம் உலகெங்கும் இருக்கிறது. கண்ணைத் திறந்து சொட்டு மருந்தை வாங்கிக்கொண்டவருக்கு, அதனால் என்ன தெரியவந்தது என்று அவருடைய மொழியில் சொல்ல வேண்டும். அதை நல்லெண்ணத்துக்கு விட்டுவைக்காமல், ஆய்வின் கட்டாயப் பகுதியாகவே ஆக்க வேண்டும்.

சென்னையின் 193 பேர்

தன்னார்வலர்களால் உலகம் என்ன பெற்றது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பழைய சான்று உண்டு. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தைத் தொடங்கின. சேத்துப்பட்டில் இன்றுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சிதான். சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்து, நல்ல காற்றும் நல்ல சாப்பாடும் கிடைத்தால்தான் காசம் குணமாகும் என்று நம்பிய காலம் அது. அந்தப் படுக்கை நாட்டில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

மையம் சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்தது. ஒரு குழு சானடோரியத்துக்குப் போனது. மற்றக் குழு நெருக்கடியான குடியிருப்பிலேயே, குறைந்த சாப்பாட்டோடு, ஓராண்டு அதே மாத்திரைகளைச் சாப்பிட்டது. 1959இல் வெளிவந்த முடிவு உலகக் காசநோய் மருத்துவத்தையே திருப்பிப் போட்டது: வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தார்கள். அவர்கள் வீட்டாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவில்லை என்பதும் பின்னர் தெரிந்தது. இன்று வள்ளியூரில் ஒருவர் காசநோய் மாத்திரையை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போக முடிகிறதென்றால், அந்த 193 பேருக்கும் அதில் பங்கு உண்டு.

அச்சத்துக்கும் காரணம் உண்டு

‘நம்மளைச் சோதனை எலி ஆக்குறாங்க’ என்ற பயத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. 2009–10இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டம் ஒன்று நடந்தது. ஆந்திரத்தில் பழங்குடி விடுதிச் சிறுமிகள் பலருக்குப் பெற்றோர் இடத்தில் விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் கையெழுத்திட்டிருந்தார்கள். சிறுமிகளின் மரணங்கள் செய்தியானதும் 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. மரணங்களுக்கு ஊசி காரணமில்லை என்றது விசாரணை. ஒப்புதல் பெற்ற விதத்தை 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. அந்தத் தடுப்பூசி இன்று உலகெங்கும் பெண்களைக் காத்துவருகிறது. நல்ல மருந்தின் மீதும் சந்தேகம் படிய, ஒப்புதலில் நடந்த பிழை ஒன்றே போதுமானதாக இருந்தது.

அந்த ஆண்டுகளில் உச்ச நீதிமன்றமும் தலையிட்டது. 2019இல் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள் வந்தன. ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவசச் சிகிச்சை தர வேண்டும். ஆய்வுதான் காரணம் என்று உறுதியானால் இழப்பீடும் உண்டு. கடுமையான பாதிப்பை ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் ஒப்புதல் தரும்போது நடுநிலையான சாட்சி கூட இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். வழக்கமான சிகிச்சை அதனால் நிற்காது. காகிதத்தில் இவை நல்ல விதிகள். அவை உயிர் பெறுவதும் சாவதும் ஒப்புதல் மேசையில்.

நம் ஊரில் அந்த மேசையில் நடப்பதைக் கற்பனை செய்வது கடினமில்லை. வலியோடு வந்த பெரியவர், “டாக்டர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும். எங்கன கையெழுத்துப் போடணும்?” என்பார். அறுவைச் சிகிச்சைக்கு முன் போடும் கையெழுத்தைப் போலத்தான் இதுவும் என்பது அவர் எண்ணம். தனக்கு ஏற்ற மருந்தை மருத்துவர் தேர்ந்தெடுத்துத் தருவதாக அவர் நம்புகிறார். அங்கே இருக்கும் ஆய்வு ஊழியர் தாளை நீட்டாமல் இப்படிச் சொல்ல வேண்டும்: “அண்ணாச்சி, கொஞ்சம் இருங்க. ரெண்டு விதமா வைத்தியம் பாக்கப்போறோம். எது நல்லதுன்னு இன்னும் யாருக்கும் தெரியாது. உங்களுக்கு எது வருங்கறது குலுக்கல்தான், டாக்டருக்கே தெரியாது. வேண்டாம்னாலும் இதே டாக்டர் உங்களைப் பாப்பாங்க. வீட்டுல கேட்டுட்டு வாங்க.” இதைச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகாது. இதைக் கேட்டபின் போடும் கையெழுத்துதான் ஒப்புதல்.

நோயில்லாதவர்கள்

ஆரோக்கியமானவர்கள் சேரும் ஆய்வுகளில் கவனம் இன்னும் கூட வேண்டும். ஒரு நிறுவனத்தின் மாத்திரை, மூல மாத்திரையைப் போலவே ரத்தத்தில் கலக்கிறதா என்று பார்க்க இளைஞர்களைத் தங்கவைத்து, மாத்திரை கொடுத்து, மணிக்கணக்கு வைத்து ரத்தம் எடுப்பார்கள். மலிவு விலை மருந்து நமக்குக் கிடைப்பதற்கு இந்தச் சோதனைகள் தேவை. ஆனால் இங்கே வருபவருக்குக் குணமாவதற்கு நோய் எதுவும் கிடையாது. பணம்தான் அவரை அழைத்துவருகிறது. வேலை தேடி நகரத்துக்குப் போன பையன், பணமுடையில் ஒரு மையத்தில் சேர்ந்ததை மறைத்து இன்னொன்றிலும் சேர்ந்தால், முதல் ஆபத்து அவன் உடம்புக்கு. இரண்டாவது, அந்த ஆய்வின் முடிவை நம்பி மருந்து சாப்பிடப்போகும் எல்லோருக்கும். இடைத்தரகர் வழியாக ஆள் பிடிப்பதை அரசு அடியோடு நிறுத்த வேண்டும்.

செய்ய வேண்டியவை

இந்தியாவில் நடக்கும் ஆய்வுகளைப் பதிவு செய்ய 2007இல் தேசியப் பதிவேடு தொடங்கப்பட்டது. 2009இலிருந்து மருந்து ஆய்வுகளுக்கு அது கட்டாயம். இணையத்தில் யாரும் பார்க்கலாம், ஆனால் விவரங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் ஆள் சேர்க்கும் ஆய்வுகளின் சுருக்கத்தை மாநில மக்கள் நல்வாழ்வுத் துறை தமிழில் தர வேண்டும். எந்த நோய், எந்த மருத்துவமனை, யார் பணம் தருகிறார்கள், பாதிப்பு வந்தால் யாரை அழைப்பது என்ற நான்கு வரிகள் போதும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு மருத்துவமனையிலும் வட்டார மருத்துவமனைகளிலும் அதை ஒட்டிவைக்கலாம்.

ஆய்வுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவில் மருத்துவம் சாராத பொதுநபர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த இடத்துக்கு ஆய்வு நடக்கும் வட்டாரத்தின் பீடித் தொழிலாளியோ விவசாயியோ அங்கன்வாடி ஊழியரோ வரட்டும். ஒப்புதல் படிவத்தின் தமிழ் புரிகிறதா என்று சொல்ல அவர்களைவிடத் தகுதியானவர் இல்லை.

மூன்றாவதுதான் முதன்மையானது. ஆய்வு முடிவுகளை அறியும் வாய்ப்பு பங்கேற்றவர்களுக்குத் தரப்பட வேண்டும் என்று மருத்துவ ஆய்வு நெறிகளுக்கான ஹெல்சிங்கி பிரகடனம் சொல்கிறது. இதை ஆய்வு அனுமதியின் நிபந்தனையாக்க வேண்டும். தமிழில் ஒரு பக்கக் கடிதம், படிக்கத் தெரியாதவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. அதற்கான செலவை ஆய்வின் நிதித் திட்டத்திலேயே ஒதுக்கிவிடலாம். மருந்து தோற்றிருந்தாலும் சொல்ல வேண்டும். பயன் இல்லாத ஒரு மருந்து கழிந்ததும் அவர் தந்த பயன்தான்.

சேரச் சொல்லிக் கேட்கப்படுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. பயந்து ஓடவும் வேண்டாம், கேட்டவுடன் கையெழுத்துப் போடவும் வேண்டாம். படிவத்தின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள்; அது உங்கள் உரிமை. எனக்கு என்ன ஆகலாம், ராத்திரியில் உடம்புக்கு முடியாமல் போனால் யாரைக் கூப்பிடுவது, முடிவை எனக்கு எப்போது சொல்வீர்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத ஆய்வு, உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ள மட்டுமே வந்திருக்கிறது.

கருவிழிப் புண்ணும் காசநோயும் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. அடுத்த மருந்துக்கும் நம் மக்களின் உடல்தான் விடை சொல்லியாக வேண்டும். முன்பு சேர்ந்தவருக்கு முடிவு போய்ச் சேர்ந்திருந்தால், அடுத்த ஆய்வுக்கு ஆள் சேர்க்கத் தரகர் தேவைப்பட மாட்டார். சேர்ந்தவரே பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்புவார்.