எக்ஸ்ரே மெஷினுக்கு யார் பரீட்சை வைக்கிறது?

டிஸ்கி: கொஞ்சம் டெக்னிக்கலான பதிவு. ஆனா கையில செல்போன் வச்சிருக்கிற எல்லாருக்கும் இதுல சம்பந்தம் உண்டு. ஓடிடாதீங்க :-)

ஸ்ரீபெரும்புதூர்ல 2006-ல நோக்கியா தொழிற்சாலை ஓட ஆரம்பிச்சதும், 2014 நவம்பர்ல நின்னு போனதும் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. 2019-லேர்ந்து ஃபாக்ஸ்கான்ல ஐபோன் வருது. அந்தப் பக்கம் ஒரகடத்துல கார், லாரின்னு தனி உலகம். ஆனா போன் போர்டோ, வண்டியோட கண்ட்ரோல் யூனிட்டோ, எதுவா இருந்தாலும் ஒரு வேலை மாறாது. ஐசிக்கு அடியில வரிசையா இருக்கிற சால்டர் பந்துகள் சரியா ஒட்டியிருக்கான்னு பாக்கணும். வெளியிலேர்ந்து கண்ணுக்குத் தெரியாது. அதுக்குத்தான் எக்ஸ்ரே மெஷின்.

போர்டை மெஷின் பாக்குது. சரி, மெஷினை யார் பாக்கறது?

விக்க வர்றவர் "0.5 மைக்ரான் வரைக்கும் தெரியும் சார்"னு சொல்வார். அதை நிரூபிக்க ஒரு சின்ன சார்ட் இருக்கு. ஜப்பான்ல சோதனைக் கருவி தயாரிப்பாளர் சங்கம் போடுற 'ஜிமா' சார்ட் பிரபலம். கன உலோகத்துல மெல்லிசு மெல்லிசா கோடுகள், ஒரு வகையில 15 மைக்ரான்லேர்ந்து 0.4 மைக்ரான் வரைக்கும். எந்தக் கோடு வரைக்கும் தனித்தனியா தெரியுதோ அதான் மெஷினோட பார்வை. கண் டாக்டர்கிட்ட எழுத்துப் பலகை படிக்கிற மாதிரியேதான்.

இன்னும் நுணுக்கமா, நானோ அளவுக்குப் போனா 'சீமென்ஸ் ஸ்டார்'. சைக்கிள் சக்கரத்துக் கம்பி மாதிரி நடுவை நோக்கிக் குறுகிக்கிட்டே போற டான்டலம் அல்லது தங்கக் கோடுகள். நடுவுல 50 நானோமீட்டர், அதுக்கும் கீழ கூட உண்டு. தலைமுடியோட தடிமன் குத்துமதிப்பா 70,000 நானோமீட்டர்னு வச்சா கணக்குப் போட்டுக்குங்க. சுவிட்சர்லாந்து பால் ஷெரர் நிறுவனத்துல 2017-ல ஒரு இன்டெல் ப்ராசஸருக்கு உள்ள இருக்கிற வயரிங்கை 14.6 நானோமீட்டர் நுணுக்கத்துல முப்பரிமாணமா எடுத்தாங்க. 2024-ல அதையே 4 நானோமீட்டருக்குக் கொண்டுவந்தாங்க. அதுக்கு சிங்க்ரோட்ரான் வேணும். நம்ம லைனுக்கு அவ்வளவு தேவையில்லை.

நம்ம பிரச்சனை வேற. சார்ட்டை எக்ஸ்ரே ட்யூப் மூக்குல ஒட்டவச்சு படம் எடுக்கலாம். அப்பதான் உருப்பெருக்கம் எக்கச்சக்கமா கிடைக்கும். நிஜ போர்டுல உயரமான கெபாசிட்டர் இருக்கும், சாய்ச்சுப் பாக்கணும், அவ்வளவு கிட்ட போகவே முடியாது. தடிமனான போர்டுன்னு பவரை ஏத்தினா எக்ஸ்ரே கிளம்புற புள்ளியே பெரிசாயிடும் (வாட்டுக்கு ஒரு மைக்ரான்ங்கிறது தோராயக் கணக்கு). புள்ளி பெரிசானா படம் மங்கும். ஃபிலமெண்ட் மாத்தினா, டார்கெட் தேஞ்சா, அப்பவும் இதே கதைதான். ஆக வாங்கின அன்னைக்குக் கண்ட 0.5, ஆறு மாசம் கழிச்சு ராத்திரி ஷிஃப்ட்ல இருக்கும்னு யார் சொன்னது? நான் பாத்த ஒரு கம்பெனியில (பேர் வேணாமே) சார்ட் பீரோவுக்குள்ள பத்திரமா இருக்கும். ஆடிட்டர் வந்தா வெளிய வரும்!

இந்த விஷயத்துல வெல்டிங்காரங்கதான் நமக்கு வாத்தியார். திருச்சி பாய்லர் வெல்டு மாதிரி வேலையில ஃபிலிம் எடுக்கும்போது, வெவ்வேற தடிமன்ல கம்பிகள் இருக்கிற பெனட்ராமீட்டரை ஜாப் மேலேயே வைப்பாங்க. சொன்ன கம்பி படத்துல தெரியலைன்னா அந்த ஃபிலிமே செல்லாது, திரும்ப எடு. வெல்டு நல்லாயிருக்குன்னு சொல்றதுக்கு முன்னாடி படம் நல்லாயிருக்குன்னு காட்டணும். என்ன அருமையான ஒழுங்கு! பல வருஷப் பழக்கம், நம்ம ஊர்லயே இருக்கு. எலக்ட்ரானிக்ஸ் லைனுக்கு மட்டும் அது ஏன் வரலை?

என் கட்சி இதுதான். சார்ட் ஷிஃப்டுக்கு ஒரு தடவை வரணும், ஃபிலமெண்ட் மாத்தினா கட்டாயம் வரணும். ஆனா சார்ட் மட்டும் போதாது. பளிச்சுன்னு தெரியற உலோகக் கோடு வேற, காப்பர் அடுக்குகளுக்கு நடுவுல மறைஞ்சு கிடக்கிற குறை வேற. 'ஹெட் இன் பில்லோ'ன்னு ஒரு குறை உண்டு. பந்து பேஸ்ட்டோட சேராம, தலையணையில தலை வச்ச மாதிரி சும்மா உக்காந்திருக்கும். மேலேர்ந்து பாத்தா அழகான வட்டம்தான், பாஸ் ஆயிடும். அதே போர்டு வண்டியோட பிரேக் யூனிட்டுக்குள்ள போய், குண்டுகுழி ரோட்டுல ரெண்டு வருஷம் ஆடினா? அதனால இந்த மாதிரி தெரிஞ்ச குறைகளோட ஒரு போர்டு எடுத்து வச்சுக்கிட்டு, நல்ல போர்டுகளுக்கு நடுவுல அப்பப்ப ஓட விடணும். மெஷின் பிடிக்குதா, மானிட்டர் முன்னாடி உக்காந்திருக்கிற பையன் பிடிக்கிறானா, ரெண்டும் தெரிஞ்சிடும். செலவு? ஒரு ஸ்க்ராப் போர்டு. மேனேஜருங்க சைக்கிள் டைம்னு இழுப்பாங்க, இழுக்கட்டும்.

அந்தப் பக்கம் லைன்ல வேலை பாக்கறவங்க யாராவது இதைப் படிச்சீங்கன்னா, உங்க சார்ட் மெஷின் பக்கத்துல இருக்கா, பீரோவுல இருக்கான்னு மட்டும் பின்னூட்டத்துல சொல்லுங்க. கம்பெனி பேர் வேணாம் :-)