எடுப்பே அடையாளம்

கச்சேரியில் வித்வான் பல்லவியை எடுத்தவுடனேயே, "இது இன்ன கீர்த்தனை" என்று பக்கத்திலிருப்பவர் காதில் சொல்லிவிடும் ரஸிகரை நேயர்கள் அறிவார்கள். அவருக்கு எடுப்பு ஒன்றே போதும். ஐரோப்பியப் புத்தகசாலைகளும் இந்த யுக்தியைத்தான் கையாண்டு ஒரு பெருங்காரியம் செய்திருக்கின்றன.

அந்நாட்டு ஸங்கீதம் பெரும்பாலும் காகிதத்தில் எழுதி வைத்துக் காக்கப்பட்டது. பழைய கையெழுத்துப் பிரதிகள் மடங்களிலும் மாதா கோவில்களிலும் அரண்மனைகளிலும் சிதறிக் கிடந்தன. பலவற்றில் இயற்றியவர் பெயரே இல்லை. சிலவற்றில் இருந்த பெயரோ தவறு! ஹைடன் கீர்த்தி பெற்றவர் அல்லவா? பிறர் இயற்றியவற்றையும் அவர் தலையில் கட்டிவிட்டார்கள். இந்தச் சிக்கலைத் தன் அலமாரியை மட்டும் பார்த்து எந்தப் புத்தகசாலை அவிழ்க்க முடியும்?

எனவே, 1952-ல் ஸங்கீத ஆராய்ச்சியாளரும் புத்தகசாலைக்காரரும் கூடி, 'ரிஸ்ம்' என்ற சர்வதேசப் பட்டியலைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு நாட்டாரும் தத்தம் ஏடுகளை ஒரே விதிப்படி விவரிக்க வேண்டும். ஏடு இருக்கும் புத்தகசாலையை ஓர் எழுத்துக் குறியால் காட்ட வேண்டும். உருப்படியின் ஆரம்ப ஸ்வரங்களையும் குறிக்க வேண்டும். ஓர் ஊரில் அநாமதேயமாய்க் கிடப்பதும் மற்றோர் ஊரில் பெயருடன் இருப்பதும் ஒன்றே என்பதை அந்த எடுப்பு காட்டிக் கொடுத்துவிடும்.

2010 முதல் இந்தப் பட்டியலை எவரும் இன்டர்நெட்டில் இலவசமாகப் பார்க்கலாம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குறிப்புகள் இருக்கின்றன. ஸ்வரங்களைக் கொடுத்தே தேடலாம். புத்தகசாலை படமெடுத்து வைத்திருந்தால், ஏட்டையே வீட்டிலிருந்தபடி புரட்டலாம்.

"பட்டியலுக்கு இத்தனை பிரயாசையா?" என்று கேட்கலாம். பெர்லின் 'ஸிங் அகாடமி'யின் கதையைக் கேளுங்கள். இரண்டாவது உலக யுத்தத்தின்போது, பத்திரமாயிருக்கட்டும் என்று வெளியூருக்கு அனுப்பிய அதன் ஏடுகள் மறைந்து போயின. மகா மேதை பாக்கின் குமாரர் எம்மானுவேல் பாக்கின் கிருதிகள் பல அவற்றில் இருந்தன. அரை நூற்றாண்டு கழித்து, 1999-ல், கீவ் நகரத்து ஆவணசாலையில் அகப்பட்டன. 2001-ல் பெர்லின் திரும்பின. ஏடுகள் அழியவில்லை, இருக்குமிடம்தான் உலகுக்குத் தெரியவில்லை. ஆனால் அதுவரை அந்த ஸங்கீதத்தை யார் கேட்டார்கள்?

இருக்குமிடம் தெரியாத ஏடு, இல்லாத ஏட்டுக்குச் சமானமே. ஏதோ ஓர் ஊரில், யாரோ ஒருவர் பொறுமையுடன் எழுதி வைக்கும் நாலு வரிக் குறிப்புதான் அதற்கு மீண்டும் நாதம் தருகிறது. அவருக்குக் கரகோஷம் செய்வாரில்லை, நாமாவது செய்வோம்.