தொடக்கப் பள்ளி வாக்கியக் கணக்குகளும் தமிழ் வேற்றுமைகளும்: கும்மிடிப்பூண்டி வட்டாரத்தை முன்வைத்து ஒரு கருத்துரை

முன்னுரை

பன்னிரண்டோடு ஐந்தைக் கூட்டவும், பன்னிரண்டிலிருந்து ஐந்தைக் கழிக்கவும் பிழையின்றி அறிந்த குழந்தை, அதே எண்கள் ஒரு சிறு கதைக்குள் வைக்கப்பட்டவுடன் ‘கூட்டணுமா, கழிக்கணுமா?’ என்று ஆசிரியரைக் கேட்பது தமிழக வகுப்பறைகளில் இயல்பாகக் காணப்படுவது. பள்ளி வழக்கில் வார்த்தைக் கணக்கு என்றும் வாக்கியக் கணக்கு என்றும் சொல்லப்படும் இவ்வகைக் கணக்கில் தவறும் குழந்தைக்குக் ‘கணக்கு வரவில்லை’ என்ற முடிவு எளிதில் எழுதப்பட்டுவிடுகிறது. பல நேரங்களில் அக்குழந்தைக்கு வராதது கணக்கன்று; கணக்கு எழுதப்பட்ட தமிழ்த் தொடர். ஆகவே வாக்கியக் கணக்கு கணித ஆசிரியரின் சிக்கல் மட்டுமன்று. அது தமிழ் இலக்கணத்தின் களமும் ஆகும். தமிழ்த் துறைகள் இதுவரை பெரிதும் கண்டுகொள்ளாத அக்களத்தை ஏற்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

களம்

கொரோனாக் காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்யும் நோக்கில் தமிழக அரசு வகுத்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டிற்குள் எட்டு வயதிற்குட்பட்ட குழந்தைகள் அனைவரும் பொருளுணர்ந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என்பது அதன் இலக்கு. முதல் மூன்று வகுப்புகளுக்கென வந்த திட்டம் 2023-24இல் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. குழந்தைகளின் நிலையறிந்து அரும்பு, மொட்டு, மலர் எனப் பகுத்துக் கற்பிப்பது அதன் முறை. திட்டத்தின் பெயர் எண்ணையும் எழுத்தையும் ஓர் ‘உம்’மையால் இணைக்கிறது. வாக்கியக் கணக்கு அவ்விரண்டும் மெய்யாகவே சந்திக்கும் இடம்.

அதே மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்திருப்பது கும்மிடிப்பூண்டி. சிப்காட் தொழில் வளாகமும் தேர்வாய்க்கண்டிகைத் தொழிற்பூங்காவும் வடமாநிலத் தொழிலாளர் குடும்பங்களை இங்கு ஈர்த்துள்ளன. மாவட்டத்தின் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பங்கள் பருவந்தோறும் வந்து செல்கின்றன. எல்லையோர ஊர்களில் தெலுங்கு வீட்டுமொழியாக வழங்குகிறது. இலங்கைத் தமிழர் முகாமும் இவ்வூரில் உண்டு. தமிழ் கற்றல் சட்டம் 2006இல் இயற்றப்பட்டபின் தமிழ் எல்லாக் குழந்தைகளுக்கும் படிப்படியாகக் கட்டாயப் பாடமாயிற்று. பள்ளித் தமிழ் வீட்டுத் தமிழிலிருந்து விலகி நிற்கும் குழந்தைகளும், தமிழே வீட்டில் இல்லாத குழந்தைகளும் ஒருங்கே பயிலக்கூடிய இத்தகைய வட்டாரத்தில், ஒரு வாக்கியக் கணக்கின் தமிழ் எவ்வாறு அமைகிறது என்பது சிறிய வினா அன்று.

ஒரே எண்கள், இரு விடைகள்

பின்வரும் இரு கணக்குகளை ஒப்பிடலாம்.

முதலாவது: ‘மணியிடம் 12 கோலிகள் உள்ளன. கவிதாவிடம் மணியைவிட 5 கோலிகள் அதிகம் உள்ளன. கவிதாவிடம் எத்தனை கோலிகள் உள்ளன?’

இரண்டாவது: ‘மணியிடம் 12 கோலிகள் உள்ளன. அவை கவிதாவிடம் உள்ளவற்றைவிட 5 அதிகம். கவிதாவிடம் எத்தனை கோலிகள் உள்ளன?’

எண்களும் பெயர்களும் ‘அதிகம்’ என்ற சொல்லும் இறுதி வினாவும் இரண்டிலும் ஒன்றே. முதலாவதன் விடை 17. இரண்டாவதன் விடை 7. வேறுபாடு முழுவதும் தொடரமைப்பில் உள்ளது. ‘அவை’ என்னும் சுட்டுப்பெயர் எதைச் சுட்டுகிறது என்று குழந்தை அறிய வேண்டும். ‘உள்ளவற்றைவிட’ என்பதில் ஒரு வினையாலணையும் பெயரும், அற்றுச் சாரியையும், ஐயுருபும், ‘விட’ என்னும் சொல்லுருபும் அடுக்கி நிற்கின்றன. ‘அதிகம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி’ என்று பழக்கப்பட்ட குழந்தை இவ்வடுக்கைத் தாண்டிச் சென்று, தெரிந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு 17 என்கிறது.

இக்குறிச்சொல் முறை ஆசிரியர்களிடையே பரவலாக உள்ளது, கற்பிக்கவும் எளிது. ஆனால் அது தொடரைப் படிக்காமல் இருக்கவே பயிற்சி தருகிறது. பிரான்சின் கிரெனோபிளில் 1980இல் நிகழ்ந்த ஆய்வொன்றில், கப்பலில் 26 செம்மறிகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன, கப்பல் தலைவனின் வயது என்ன என்று இரண்டாம், மூன்றாம் வகுப்புக் குழந்தைகளிடம் கேட்கப்பட்டது. 97 பேரில் 76 பேர் அவ்வெண்களைக் கொண்டே விடை கூறினர். வாக்கியத்தை விட்டு எண்களை மட்டும் பொறுக்கும் பழக்கம் எங்கு கொண்டுசேர்க்கும் என்பதற்கு இது சான்று.

வேறோர் ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. ஹட்சன் 1983இல் வெளியிட்ட ஆய்வில் பறவைகளும் அவற்றினும் குறைந்த எண்ணிக்கையில் புழுக்களும் உள்ள படங்கள் குழந்தைகளுக்குக் காட்டப்பட்டன. புழுக்களைவிடப் பறவைகள் எத்தனை அதிகம் என்று கேட்டபோது முதல் வகுப்புக் குழந்தைகளில் 64 விழுக்காட்டினரே சரியாகக் கூறினர். ஒவ்வொரு பறவையும் ஒரு புழுவைப் பிடிக்கப் பறந்தால் எத்தனை பறவைகளுக்குப் புழு கிடைக்காது என்று கேட்டபோது அனைவரும் சரியாகக் கூறினர். கணக்கு ஒன்றே, மாறியது மொழி மட்டுமே.

வேற்றுமை மயங்கும் இடம்

நன்னூலார் ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்னும் பொருள்களைக் கூறுகிறார். தொல்காப்பியர் அவ்வேற்றுமையை ஒப்பீட்டின் வழியாகவே வரையறுக்க, உரைமரபு அதனை உறழ்பொரு, உவமப்பொரு என்று பகுத்துப் பார்த்தது. ஆகவே ‘மணியிடமிருந்து வாங்கினான்’ என்னும் நீங்கலும் ‘மணியைவிட அதிகம்’ என்னும் உறழ்வும் இலக்கண மரபில் ஒரே வேற்றுமையின் இரு பொருள்கள். இக்காலத் தமிழில் இவை பிரிந்துவிட்டன. நீங்கலுக்கு ‘இலிருந்து’, ‘இடமிருந்து’ என்பனவும், உறழ்வுக்கு ஐயுருபின்மேல் ‘விட’, ‘காட்டிலும்’ என்பனவும் வழங்குகின்றன.

இந்தியில் இப்பிரிவு இல்லை. மணியிடமிருந்து வாங்குதல், மணியைவிட அதிகமாதல், நான்கால் வகுத்தல் ஆகிய மூன்றிற்கும் ‘சே’ என்னும் ஓர் உருபே வருகிறது. ஒடியாவிலும் நீங்கல், உறழ்வு இரண்டிற்கும் ‘டாரு’ என்னும் உருபு வழங்குகிறது. தெலுங்கில் உறழ்வுக்குரிய ‘கண்டே’ இரண்டாம் வேற்றுமை உருபை இடையில் ஏற்பதில்லை. இம்மொழிகளைப் பேசும் வீட்டிலிருந்து வரும் குழந்தை ‘மணியைவிட’ என்பதில் ஐயுருபைக் கண்டு மணியைச் செயப்படுபொருளாகக் கொள்ளவோ, ‘விட’ என்பதை விடுதல் என்று பொருள் கொள்ளவோ, ஒப்பீட்டைக் கொடுத்தல் வாங்கலாகப் படிக்கவோ இடமுண்டு. அவ்வாறு நிகழும் பிழை அறியாமையன்று. ஒரு மொழியின் ஒழுங்கை இன்னொன்றில் தேடுவது. தொல்காப்பியத்தின் வேற்றுமை மயங்கியலைக் கற்பிப்போர்க்கு இவ்வகைப் பிழையை இனங்காண்பது அரிதாகாது.

தமிழையே வீட்டுமொழியாகக் கொண்ட குழந்தைக்கும் இடர்கள் உண்டு. ‘20 ஐ 4 ஆல் வகுக்க’ என்று இலக்கத்தையும் உருபையும் பிரித்து அச்சிடுவது கணிதப் புத்தக வழக்கு. அதனை ‘இருபதை நான்கால்’ என்று படிக்கத் தெரிந்தாலன்றி உருபு பொருள் தருவதில்லை. ‘இருபது ஐ நான்கு ஆல்’ என்று வாசிக்கும் குழந்தைக்கு அது வெறும் ஓசை. ‘பாக்கி’ என்னும் சொல் கடைக்காரர் திருப்பித் தரவேண்டிய சில்லறையையும் வாங்கியவர் கட்டவேண்டிய கடனையும் குறிக்கும். பணம் செல்லும் திசை இரண்டிலும் எதிரெதிரானது. ‘தலா’, ‘வீதம்’ என்னும் சொற்கள் மருட்டும் இடத்தில் ‘மும்மூன்று’, ‘நந்நான்கு’ என்னும் இரட்டிப்பு வடிவங்கள் பகிர்வைத் தெளிவாகக் காட்டும். எண்ணுப் பெயர் இரட்டிக்கும் முறைக்கு நன்னூலில் விதியுண்டு. தொடக்கப் பள்ளிக் கணக்கில் அதற்கு இடமில்லை.

தொடரின் நீளமும் ஒரு சுமை. ‘பழவேற்காட்டில் கிலோ 80 ரூபாய்க்கு வாங்கிய 5 கிலோ மீனைக் கும்மிடிப்பூண்டியில் 550 ரூபாய்க்கு விற்ற பெண்ணுக்குக் கிடைத்த இலாபம் எவ்வளவு?’ என்பது ஒரே தொடர். வாங்கிய, விற்ற, கிடைத்த என மூன்று பெயரெச்சங்கள் இதில் அடுக்கி வருகின்றன. நான்காம் உருபு மூன்று இடங்களில் வந்து, இரண்டில் விலையையும் ஒன்றில் பெறுபவரையும் குறிக்கிறது. ‘ஒரு பெண் பழவேற்காட்டில் 5 கிலோ மீன் வாங்கினார். ஒரு கிலோவின் விலை 80 ரூபாய். அந்த மீன் முழுவதையும் கும்மிடிப்பூண்டியில் 550 ரூபாய்க்கு விற்றார். அவருக்கு எவ்வளவு இலாபம்?’ என்று பிரித்தால் நிகழ்வுகள் நடந்த வரிசையிலேயே குழந்தையின் முன் விரிகின்றன. 150 ரூபாய் என்னும் விடைக்கு வேண்டிய பெருக்கலும் கழித்தலும் சிறிதும் குறையவில்லை.

வகுப்பறையில் செய்யத்தக்கன

முதலாவதாக, கணக்கை எண்கள் நீக்கிக் கதையாகச் சொல்ல வேண்டும். ‘மணியிடம் சில கோலிகள் உள்ளன. அவை கவிதாவிடம் உள்ளவற்றைவிட அதிகம். யாரிடம் அதிகம்?’ என்று கேட்டு, ‘மணியிடம்’ என்ற விடை வந்த பின்னரே 12ஐயும் 5ஐயும் சேர்க்க வேண்டும். யாரிடம் குறைவு என்று அறிந்த குழந்தை 17 என்று எழுதத் தயங்கும். அத்தயக்கமே கணிதச் சிந்தனையின் தொடக்கம்.

இரண்டாவதாக, குழந்தை கணக்கைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். அது தெலுங்கிலோ இந்தியிலோ ஈழத் தமிழிலோ அமையலாம். அருகிலுள்ள குழந்தை அதனைப் பள்ளித் தமிழில் கூறலாம். கோலி, புளியங்கொட்டை ஆகியவற்றைக் கொண்டு நடித்துக் காட்டுதலும், இரு பட்டைகள் வரைந்து நீளத்தை ஒப்பிடுதலும் அடுத்த படி.

மூன்றாவதாக, வினாவை மறைத்துவிட்டுக் கதையை மட்டும் தந்து, ‘இதிலிருந்து என்னென்ன கேட்கலாம்?’ என்று குழந்தைகளையே வினவச் செய்யலாம். காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில் கணக்குகள் கேட்போரை முன்னிலைப்படுத்தும் செய்யுள்களாக அமைந்துள்ளன. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி வாய்விட்டுச் சொல்லிப் பயிலப்பட்டது. தமிழ்க் கணக்கு மரபில் கணக்கு என்பது கேட்கப்படுவதும் சொல்லப்படுவதும் ஆகும். மௌனமாக நோக்கிப் பொறுக்கும் எழுத்தாக அது சுருங்கியது பிற்கால நிலை.

மறுப்புகள்

தொடர்களை எளிமையாக்கினால் குழந்தைகள் கடினத் தமிழை எப்போது கற்பர் என்று கேட்கலாம். இங்கு வேண்டுவது எளிமையாக்கம் அன்று, படிநிலை. மூன்றாம் வகுப்பில் தனித் தொடர்களாக வந்த கதை ஐந்தாம் வகுப்பில் பெயரெச்சத் தொடராக வரலாம், வரவும் வேண்டும். ஆனால் எண்கள் ஓரிலக்கம், ஈரிலக்கம் என்று படியேறுவதுபோலத் தொடரமைப்பும் திட்டமிட்டுப் படியேற வேண்டும்.

பிழைகள் எல்லாவற்றையும் மொழியின்மேல் ஏற்றலாகாது என்பதும் ஏற்கத்தக்கதே. இடமதிப்பு அறியாத குழந்தைக்குத் தெளிந்த தொடர் மட்டும் உதவாது. அதனாலேயே இரண்டையும் பிரித்தறிய வேண்டியுள்ளது. ஒரே கணக்கை இலக்கங்களிலும் தொடரிலும் தனித்தனியே தந்து பார்ப்பது எளிய வழி. இலக்கங்களில் தேறித் தொடரில் தவறும் குழந்தையை மீண்டும் கூட்டல் வாய்பாட்டுக்கு அனுப்புவது, அதற்குத் தெரிந்ததையே திரும்பக் கற்பித்துத் தெரியாததைக் கைவிடுவதாகும்.

முடிவுரை

பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள் செய்யக்கூடியவை தெளிவானவை. கும்மிடிப்பூண்டி போன்ற வட்டாரங்களின் தொடக்கப் பள்ளிகளில் குழந்தைகள் எழுதிய தவறான விடைகளைத் திரட்டி, வேற்றுமை, எச்சம், சுட்டு, எண்ணுப்பெயர் என்று இலக்கண வகையில் பகுத்து ஆராய்வது முனைவர் பட்ட ஆய்வுக்கு உரிய பொருள். அவ்வாய்வின் முடிவுகள் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களுக்கும் பாடநூல் குழுக்களுக்கும் சென்று சேர வேண்டும். கணிதப் பாடநூலின் மெய்ப்பைத் திருத்துவதோடு தமிழறிஞர் பணி முடிந்துவிடுவதில்லை. எந்தத் தொடர் எந்த வயதில் என்று முடிவு செய்வதிலும் அவர்க்குப் பங்குண்டு.

ஒரு வேற்றுமை உருபைத் தவறவிட்டதற்காக எட்டு வயதில் கணக்கறியாதவள் என்று ஒதுக்கப்படும் சிறுமி அறிவியலையும் தொழிற்கல்வியையும் நோக்கிச் செல்லும் வழியிலிருந்து விலக்கப்படுகிறாள். அவள் தவறியது தமிழ்த் துறைகள் நன்கறிந்த ஓரிடத்தில். அவ்விடத்தில் அவளுக்குக் கை கொடுக்கும் கடமை அத்துறைகளுக்கு உண்டு.