களையும் பயிரும்

முன்னோர் விட்டுச்சென்ற வழக்கங்கள் அனைத்தும் பண்பாடே என்றும், அவற்றுள் ஒன்றை மாற்றினும் பண்பாடு அழிந்துவிடும் என்றும் கருதுவார் உளர். அக்கருத்துப் பொருந்துமா என ஆராய்தல் நம் கடன். கழனியில் பயிரும் வளரும், களையும் வளரும். களை பறிக்கும் உழவனைப் பயிரின் பகைவன் என்று எவரும் கூறார்.

இதற்குச் சான்றாக வைக்கத்து அறப்போரைக் காண்போம். வைக்கம் கேரளத்து ஊர். அந்நாளில் திருவிதாங்கூர் அரசைச் சார்ந்திருந்தது. அவ்வூர்ச் சிவன் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில், தீண்டத்தகாதார் என ஒதுக்கப்பட்ட மக்கள் நடத்தலும் ஆகாது என்னும் தடை இருந்தது. அதனை நீக்க, 1924-ஆம் ஆண்டு மார்ச்சு 30-ஆம் நாள் அறப்போர் தொடங்கிற்று. தொண்டர்கள் தடையை மீறிச் சிறை புகுந்தனர். கேரளத் தலைவர்கள் சிறைப்பட்டபோது, ஈரோட்டிலிருந்து பெரியார் ஈ. வெ. இராமசாமி அங்குச் சென்று போரை நடத்தினார், இருமுறை சிறைப்பட்டார். மழை வெள்ளம் சூழ்ந்தபோதும் தொண்டர்கள் நீரில் நின்று கடமை ஆற்றினர். 1925 நவம்பரில் மூன்று பக்கத்துத் தெருக்கள் அனைவர்க்கும் திறந்தன. கோயிற் கதவோ 1936 நவம்பர் 12-ஆம் நாள் வெளிவந்த அரசாணையால் திறந்தது.

‘அமைதியாக இருந்த ஊரில் பூசல் விளைத்தனரே!’ என்பார் சிலர். ஒருவன் நிமிர்ந்து நடக்க, மற்றொருவன் ஒதுங்கி நிற்பதை அமைதி எனலாமோ? மூடிய புண் ஆறிய புண் ஆகாது. அநீதி மறைந்துள்ள இடத்தில் பூசல் ஒருநாள் வெளிப்பட்டே தீரும். அந்நாளில் கையில் கல் ஏந்தாது, உள்ளத்தில் உறுதி ஏந்துதலே வைக்கம் காட்டிய நெறி.

பழைய வழக்கத்தைக் காக்க நின்றார் யாவரும் கொடியர் அல்லர். கோயிலின் தூய்மை கெடும் என மெய்யாகவே அஞ்சினாரும் அவருள் இருந்தனர். அவர் அஞ்சியது நிகழ்ந்ததா? தெரு திறந்தது, கோயில் திறந்தது, வழிபாடு நின்றிலது. வைக்கத்து அட்டமித் திருவிழா இன்றும் ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. களை போயிற்று, பயிர் நின்றது.

1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. எனினும், தனிச் சுடுகாடு உள்ள ஊர்கள் இன்றும் உள. சட்டம் தெருவைத் திறக்கும். உள்ளத்தை நாமே திறத்தல் வேண்டும். மாணவர்களே! ஒரு வழக்கம் நல்லதோ தீயதோ என ஐயுறுங்கால், அதன் பழமையை மட்டும் எண்ணாதீர்கள். அதனால் தலைகுனிவார் எவரேனும் உளரோ எனக் கேளுங்கள். உளராயின், அது களையே.