வெளியாட்கள் என்று யாரைச் சொல்கிறோம்?

நம் தோட்டங்களிலும் பக்கத்துச் சிறு நகரங்களிலும் 'அவங்க வெளியாட்கள்' என்ற பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. மண்சரிவு அபாயத்தால் இடம்பெயர்ந்து உறவினர் லயத்துக்கு வந்த குடும்பத்துக்கும் இதே பெயர். காடாகிப்போன தோட்டத்தை விட்டு வேலை தேடி வந்த குடும்பத்துக்கும் இதே பெயர். பீலியில் தண்ணீர் பிடிப்பதில் தொடங்கி திருவிழாக் கமிட்டி வரை இந்தப் பேச்சு போகிறது.

நம்ம ஊர் என்ற பெருமை இருக்கத்தான் வேண்டும். ஆனால் நம் ஊர்கள் எப்படி உண்டாயின? மஸ்கெலியாவைப் பாருங்கள். மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காக 1960களின் இறுதியில் பழைய நகரம் தண்ணீருக்குள் போனது. வீடு, கடை, கோயில் எல்லாவற்றையும் விட்டு மேட்டுக்கு வந்தவர்கள் உருவாக்கியதே இன்றைய நகரம். வரட்சியில் நீர் வற்றினால் பழைய கோயிலின் இடிபாடுகள் இன்றும் தெரியும்.

நம் முன்னோர் தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்கள். 200 ஆண்டு நிறைவையொட்டி 2023இல் அதே பாதையில் நடைபயணம் போனோம். கோப்பியையும் தேயிலையையும் வளர்த்த இதே மக்களை வந்தவர்கள் என்று சொல்லித்தான் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. அந்தச் சொல்லின் வலி தெரிந்த நாம் அதை இன்னொருவர் மேல் எறியலாமா?

இடநெருக்கடி உண்மைதான். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் இன்னொரு குடும்பம் எப்படித் தங்கும்? ஆனால் காணியும் வீடும் தராமல் இழுத்தடித்தவர்கள் யார்? நேற்று வந்த குடும்பமா?

நாம் பிரிந்து நின்றால் இலாபம் நிர்வாகத்துக்கே. தற்காலிகத் தொழிலாளிக்கும் சட்டப்படி சேமலாப நிதி உண்டு. ஆனால் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கும் பலருக்கு அது கட்டப்படுவதில்லை. அவர்களுக்காக இன்று நாம் பேசாவிட்டால், நாளை பதிவுத் தொழிலாளியின் வேலையும் கைக்காசாக மாறும்.

பாடசாலையிலும் இதைப் பார்க்கிறோம். புதிதாகச் சேர்ந்த பிள்ளை கடைசி வாங்கில் ஒதுங்கி உட்காருகிறது. வீட்டில் கேட்ட சொல்லையே மற்றப் பிள்ளைகள் அதனிடம் சொல்கிறார்கள்.

ஆகவே தோட்டத் தலைவர்களிடமும் மாதர் சங்கத் தலைவிகளிடமும் கேட்கிறோம். புதிய குடும்பம் வந்தால் முதல் வாரத்திலேயே போய்ப் பாருங்கள். சங்கத்தில் அங்கத்தவராக்குங்கள். பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கத் துணை போங்கள். வாக்காளர் இடாப்பில் பெயர் பதிய, கிராம சேவகரிடம் கூட்டிச் செல்லுங்கள். பீலியிலும் திருவிழாவிலும் அவர்களுக்கும் முறை கொடுங்கள்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதை முதல் விடயமாக எடுங்கள். உங்கள் டிவிஷனுக்கு இந்த வருடம் வந்த குடும்பங்கள் எத்தனை, அவர்களில் எத்தனை பேர் சங்கத்தில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நம் ஊரின் பெருமை எவ்வளவு என்று அந்தக் கணக்கே சொல்லிவிடும்.