நஞ்சுக் குப்பிக்குத் தமிழ். சோற்றுப் பைக்கு இல்லையா?



வீட்டிலுள்ள உணவுப் பைகளையும் உறைகளையும் திரட்டிக்கொண்டு வந்து, அவற்றில் தமிழ் எங்குளது எனத் தேடுமாறு எம் மாணாக்கர்க்கு அண்மையில் ஒரு வேலை தந்தேன். பெயர் சிலவற்றில் தமிழில் இருந்தது. உள்ளே இட்ட பொருள்கள் யாவை, நிறமூட்டி எது, கெடாமற் காக்கச் சேர்த்த வேதிப்பொருள் எது, யார்க்கு ஒவ்வாது என்பனவோ ஏறத்தாழ முழுதும் ஆங்கிலம். அன்னூர்ப் பக்கத்து உழவர் வீட்டுப் பையன் ஒருவன், பூச்சிக்கொல்லிக் குப்பியோடு வந்த தாளையும் எடுத்து வந்திருந்தான். (குப்பியை எடுத்து வராமற் போனானே, நல்ல வேளை!) அத்தாளில் தமிழ் இருந்தது.

இது தற்செயலன்று. பூச்சிக்கொல்லிக் குப்பியின் குறிப்புச் சீட்டை இந்தி, ஆங்கிலத்தோடு விற்கப்படும் வட்டாரத்தின் மொழியிலும் அச்சிட வேண்டும் என்பது 1971ஆம் ஆண்டின் ஒன்றிய நெறிமுறை. உணவுக்கோ, ஆங்கிலம் அல்லது நாகரி எழுத்திலான இந்தி போதும், பிறமொழியை விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம் என்று 2011இலும் எழுதினர், 2020இலும் எழுதினர். பயிருக்குத் தெளிப்பதைத் தமிழில் அறியலாம். பிள்ளைக்கு ஊட்டுவதை அறியவேண்டா என்பது எவ்வகை அறம்?

உணவைத் தொடும் பொருள்களுக்கென 2018ஆம் ஆண்டில் ஒன்றிய உணவுக் காப்பு ஆணையம் தனி நெறிமுறை வகுத்தது. உணவைச் செய்தித்தாளில் பொதியலாகாது. நெகிழிக் கலத்திலிருந்து உணவினுள் கசிந்தேறும் பொருள் ஒரு கிலோவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்கிறது அது. நல்ல நெறிதான், குறை கூறேன். சுடுபொருளும் எண்ணெயும் அச்சு மையையும் நெகிழியின் கூறுகளையும் எளிதில் இழுத்துக்கொள்ளும். நெகிழிப் பூச்சுடைய தாட்குவளையில் 100 மில்லிலிட்டர் வெந்நீர் 15 நிமையம் நின்றால் ஏறத்தாழ 25,000 நுண்டுகள்கள் அதில் இறங்குகின்றன என்று கரக்பூர் தொழில்நுட்பக் கழகத்தார் 2020இல் கண்டனர். அத்தகைய குவளைகளை அதற்கு முன்பே, 2019 தொடக்கத்திலேயே, தமிழக அரசு தடுத்துவிட்டது.

ஆனால் ஒன்றிய அரசிதழ் வெளிவருவது இந்தியிலும் ஆங்கிலத்திலும். உக்கடத்தில் வடை சுடும் தாய்க்கு இந்நெறி எங்ஙனம் எட்டும்? சுடுவடையைச் செய்தித்தாளில் மடித்துத் தருகிறார். உறையில் ஏறாத தமிழ், எண்ணெயில் கரைந்து மையாக நம் வயிற்றில் ஏறுகிறது!

அதே ஆணையம் 2023 மார்ச்சில், தயிர் உறையில் 'தஹி' என அச்சிட்டுத் தயிரைப் பிறைக்கோட்டுக்குள் அடைக்கச் சொன்னது. ஆவின் மறுத்தது, நாடு கொதித்தது, அம்மாதமே ஆணையம் பின்வாங்கியது. இந்தியைப் புகுத்த இத்துணை விரைவு காட்டுவோர்க்கு, எச்சரிக்கையைத் தமிழில் இடுவிக்க மட்டும் கை எழவில்லை.

உறையில் இடமில்லை என்பர் சிலர். சிறு குப்பிக்குத் தாள் இணைக்க முடிந்ததே! விற்கும் நாட்டு நுகர்வோர்க்கு எளிதில் விளங்கும் மொழியில் உணவுச் செய்தி இருத்தல் வேண்டும் என ஐரோப்பிய ஒன்றியம் 2011இலேயே சட்டம் செய்துவிட்டது.

நம்மவரையும் சொல்லவேண்டும். கோவையிலும் பொள்ளாச்சியிலும் முறுக்கும் பொடியும் செய்து விற்கும் தமிழரை எச்சட்டம் தடுத்தது? ஆங்கிலத்தில் அச்சிட்டால்தான் விலைபோகும் என்னும் அடிமையுள்ளமே தடுத்தது.

தூக்குப்போசியும் வாழையிலையும் கொண்டு கடைக்குச் சென்ற காலத்தில் உறையைப் படிக்கும் தேவை எழவில்லை, இன்று எழுந்துவிட்டது. ஆங்கிலத்தோடு அவ்வந் நாட்டு மொழியும் கட்டாயம் என ஒரு தொடரை 2020 நெறிமுறையில் சேர்த்தாற் போதும். உறைகளிற் கண்ட முகவரிகளுக்கு எம் மாணாக்கர் தமிழில் மடல் எழுதி வருகின்றனர். நீங்களும் எழுதுங்கள், மறுமொழி தமிழிலேயே வேண்டும் என்றும் எழுதுங்கள்.